விளக்குக் கரியில் பிறந்த எழுத்து

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது பெட்டியில் ஒரு கண்ணாடிச் சாமானாவது இருக்கும். துணிகளுக்கு நடுவே சுருட்டி, உடையாமல் கொண்டு வந்து, கூடத்து அலமாரியில் வைத்து விடுவார்கள். அப்படி ஸ்ரீவராகம், மணக்காடு, கோட்டைப் பகுதி வீடுகளுக்கும் எப்போதாவது வந்து சேரும் ஒரு பொருள் உண்டு. நீல நிறத்தில் ஒரு கண்ணாடித் தட்டு, அல்லது மூடியுள்ள கிண்ணம். அதன் மேல் பொன் நிறத்தில் வளைந்து நெளிந்து ஓடும் அரபு எழுத்து. அடியில் துருக்கியில் செய்தது என்று ஒரு சிறு முத்திரை.

பார்க்கிறவர்கள் "என்ன அழகு!" என்பார்கள். "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. கொண்டு வந்தவருக்கும் தெரியாது. வாங்கிக் கொண்டவருக்கும் தெரியாது. இதைவிட வியப்பான சங்கதி, அந்தப் பொருள் பிறந்த துருக்கியிலேயே பெரும்பாலான மக்களால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது என்பதுதான்!

அது எப்படி நேர்ந்தது? அந்தக் கண்ணாடிக்கும் எழுத்துக்கும் பின்னால் சுமார் 700 ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதைக் கேட்டால் தூர தேசத்துக் கதையாகத் தோன்றாது. நம் வீட்டுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

தொங்கும் விளக்கில் ஒளியின் வசனம்

மின்சாரம் இல்லாத காலத்தில் பெரிய பள்ளிவாசல்களுக்கு வெளிச்சம் தந்தவை கண்ணாடி விளக்குகள். 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் கெய்ரோவிலும் சிரியாவின் டமாஸ்கஸிலும் செய்த விளக்குகள் உலகப் புகழ் பெற்றவை. வாய் அகன்று, கழுத்து குறுகி, வயிறு உருண்ட பூஜாடி போன்ற வடிவம். பக்கங்களில் காதுகள். அவற்றில் சங்கிலி மாட்டி உயரத்திலிருந்து தொங்க விடுவார்கள். உள்ளே எண்ணெயும் திரியும்.

குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம், 35-ஆம் வசனம், இறைவனின் ஒளியை மாடத்தில் கண்ணாடிக்குள் எரியும் விளக்குக்கு ஒப்பிடுகிறது. அந்த வசனத்தையே பல விளக்குகளின் கழுத்தில் எழுதினார்கள். கண்ணாடி விளக்கைப் பற்றிய வசனம் கண்ணாடி விளக்கின் மேலேயே! திரியை ஏற்றியதும் எழுத்தும் சேர்ந்து ஒளிவிடும். விளக்கைக் கொடுத்த சுல்தான் அல்லது பிரபுவின் பெயர் வயிற்றுப் பகுதியில் இருக்கும். நம் ஊர்க் கோவில் விளக்குகளில் உபயதாரர் பெயர் வெட்டியிருப்பதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த எழுத்து வெறும் சாயம் அல்ல. நிறமுள்ள கண்ணாடியை மாவாக இடித்து, பசையாகக் குழைத்து, தூரிகையால் எழுதி, மறுபடி சூளைச் சூட்டில் காட்டுவார்கள். மேலே பூசிய கண்ணாடி மாவு உருகி ஒட்ட வேண்டும். அடியிலுள்ள விளக்கு உருகிச் சாய்ந்து விடக் கூடாது. சூடு கொஞ்சம் கூடினால் பல நாள் வேலை பாழ். கொஞ்சம் குறைந்தால் எழுத்து உதிர்ந்து விடும்.

வெனிஸுக்குப் போன ஆர்டர்

உதுமானியத் துருக்கியர் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளையும் 1517-இல் கெய்ரோவையும் பிடித்தனர். கான்ஸ்டான்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். அந்த நகரில் பெரிய பெரிய பள்ளிவாசல்கள் எழும்பின. ஆனால் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் அந்தக் கண்ணாடி வேலை அதற்கு முன்பே நசித்துப் போயிருந்தது.

விளக்குக்கு என்ன செய்வது? 1569-இல் பிரதம மந்திரி சோகொல்லு முகம்மது பாஷா, இத்தாலியின் வெனிஸ் நகரத் தூதர் மூலம் 900 விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தார். வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினார்கள். முஸ்லிம் சாம்ராஜ்யத்துப் பள்ளிவாசலுக்கு வேண்டிய விளக்கை கிறிஸ்தவ நகரத்துத் தொழிலாளி ஊதிக் கொடுத்தான். இரு தரப்புக்கும் அவ்வப்போது சண்டை மூண்ட காலம் அது. ஆனாலும் வியாபாரம் அதன் பாட்டுக்கு நடந்தது.

நல்ல கண்ணாடி வேண்டுமென்றால் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற குறை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. மூன்றாம் சலீம் சுல்தான் (1789–1807) காலத்தில், மெவ்லவி சூஃபி மரபைச் சேர்ந்த முகம்மது தேதே என்ற துறவி வெனிஸுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் கடற்கால் ஓரமாக உள்ள பெய்கோஸ் என்ற இடத்தில் பட்டறை போட்டார். கல்யாண வீட்டில் நாம் வைக்கும் பன்னீர்ச் செம்பைப் போன்ற செம்புகள், சர்பத் ஜாடிகள், மூடியுள்ள கிண்ணங்கள் எல்லாம் அங்கே உருவாயின.

அவற்றில் மிகவும் பெயர் பெற்றது "செஷ்மி புல்புல்", அதாவது புல்புல் பறவையின் கண். நிறக் கண்ணாடிக் குச்சிகளை வரிசையாக அச்சுக்குள் நிறுத்தி, நடுவே உருகிய தெளிந்த கண்ணாடியை ஊதுவார்கள். குச்சிகள் ஒட்டிக் கொண்டதும் குழலைத் திருகுவார்கள். கோடுகள் எல்லாம் முறுக்கிக் கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். பெய்கோஸில் 2021-இல் திறந்த கண்ணாடி அருங்காட்சியகத்தில் இந்தச் சாமான்களை இன்றும் காணலாம்.

கரியே மை

கண்ணாடி ஒரு பக்கம் இருக்கட்டும்; எழுத்தின் கதைக்கு வருவோம்.

இஸ்தான்புல்லில் சுலைமானியா பள்ளிவாசலைக் கட்டியவர் சினான் என்ற புகழ் பெற்ற சிற்பி. 1550-இல் தொடங்கி 1557-இல் முடித்தார். இரவில் ஏராளமான எண்ணெய் விளக்குகள் எரிந்தால் சுவரும் மாடமும் கரி பிடித்து விடாதா? சினான் காற்றோட்டத்தை அதற்கேற்றபடி அமைத்தார். விளக்குப் புகை தலைவாசலுக்கு மேலே உள்ள ஒரு சிறு அறைக்குப் போய்ச் சேர்ந்து, கரி அங்கே படியும். அந்தக் கரியைச் சுரண்டி எடுத்து, வேலம்பிசினும் தண்ணீரும் சேர்த்து நெடுநேரம் அரைத்து மை தயாரித்தார்கள். அந்த மையில் நாணல் பேனாவைத் தோய்த்து எழுதினார்கள்.

கண்ணாடி விளக்கு எரிந்தது, கரி தந்தது. கரி மையானது. மை எழுத்தானது. அந்த எழுத்து பள்ளிவாசல் சுவருக்கு ஏறி, நாளடைவில் மீண்டும் கண்ணாடிக்கே வந்து சேர்ந்தது!

இது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர்கள் பனையோலையில் எழுத்தாணியால் கீறிய பிறகு, கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினார்கள். மையாடுதல் என்று அதற்குப் பெயர். அப்படி எழுதிய ஓலைகளைப் பார்க்க ஸ்ரீவராகத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோவிலின் மதிலகம் ஆவணங்கள் உள்ளன. அங்கேயே 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

புள்ளி வைத்த கணக்கு

அரபு அலங்கார எழுத்து மனம் போனபடி வளைப்பது என்று நினைத்தால் தவறு. கோலத்தைப் போலவே அதற்கும் புள்ளிக் கணக்கு உண்டு. நாணல் பேனாவின் நுனியை ஒருமுறை சாய்த்து அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். எழுத்தின் உயரமும் வளைவும் அத்தனை புள்ளி, இத்தனை புள்ளி என்று அதே பேனாவின் புள்ளியால்தான் அளக்கப்படும். குருவிடம் பல ஆண்டுகள் பயின்று, அவர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பிறகே மாணவன் தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரைப் போடலாம். இறைவா, இதை எளிதாக்கு என்ற பொருளுள்ள பிரார்த்தனைதான் முதல் பாடம். விஜயதசமியன்று நம் குழந்தைகள் அரிசியில் ஹரிஸ்ரீ எழுதித் தொடங்குவதை நினைத்துக் கொள்ளலாம்.

சிறிதாக எழுதியதைப் பெரிய சுவருக்கு எப்படி ஏற்றினார்கள்? எழுத்தின் ஓரம் நெடுக ஊசியால் துளை போடுவார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் முடிச்சால் தட்டுவார்கள். துளை வழியே தூள் இறங்கிப் புள்ளிக் கோடாக நிற்கும். துளையிட்ட கோல அச்சில் மாவைத் தட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த ரகசியத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலையின் பெருமைக்கு ஒரு சாட்சி போதும். இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் முஸ்தபா இஸ்ஸத் எஃபெந்தி (1801–1876) என்பவர் எழுதிய எட்டு வட்டப் பலகைகள் உயரத்தில் மாட்டப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் ஏழரை மீட்டர்! 1930-களில் அந்தக் கட்டடம் அருங்காட்சியகமானபோது பலகைகளைக் கீழே இறக்கினார்கள். ஆனால் எந்த வாசல் வழியாகவும் அவற்றை வெளியே கொண்டு போக முடியவில்லை. 1949-இல் மீண்டும் மேலே ஏற்றினார்கள். ஹாகியா சோபியா 2020-இல் மறுபடி பள்ளிவாசலானது. எழுத்து மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

திருப்பி எழுதும் வித்தை

கண்ணாடியில் எழுத இன்னொரு வழியும் உண்டு. முன்பக்கம் எழுதாமல் பின்பக்கம் எழுதுவது. அப்போது எழுத்தை வலம் இடமாக மாற்றி எழுத வேண்டும். அலுவலகத்து ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தால் எழுத்து எப்படித் தெரியுமோ, அப்படி. துருக்கியில் இதற்கு "ஜாம் அல்த்தி", அதாவது கண்ணாடிக்கு அடியில், என்று பெயர். எழுத்தாலேயே படகு, பறவை போன்ற உருவங்களை அமைத்து இந்த முறையில் எழுதி வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் மாட்டினார்கள்.

நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படமும் இதே முறைதான். சாதாரணப் படத்தில் கடைசியாகப் போடும் கண்ணின் கருமணி, நகை, கோடு எல்லாவற்றையும் இதில் முதலில் போட வேண்டும். பிறகு உடல் நிறம். பின்னணி கடைசியில். சுவாமியின் வலது கை அபயம் காட்ட வேண்டுமென்றால் வரைகிறவன் இடம் மாற்றி யோசிக்க வேண்டும். ஒரு கோடு தவறினாலும் மேலே பூசி மறைக்க வழியில்லை. தஞ்சாவூர் ஓவியனும் இஸ்தான்புல் எழுத்துக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இருவருக்கும் ஒரே கஷ்டம்.

படிக்க ஆள் இல்லாத எழுத்து

1928 நவம்பர் 1 அன்று துருக்கியில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதுவரை துருக்கி மொழியை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். இனி லத்தீன் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்றது புதிய சட்டம். சில மாதங்களில் பத்திரிகை, பள்ளிப் புத்தகம், கடைப் பலகை எல்லாம் மாறின. புதிய எழுத்து கற்க எளிது. படித்தவர் தொகை பெருகியது. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தாத்தாவின் கடிதமும் தெரு முனை நீரூற்றின் கல்வெட்டும் வெறும் சித்திரமாகி விட்டன.

நம் பக்கத்திலும் எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. கேரளத்தில் மலையாள எழுத்து 1971-இல் சீரமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978-இல் சில எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய கொம்பு போட்ட லை, னை எழுத்துகளில் அச்சான புத்தகத்தை இன்றைய பிள்ளையும் தட்டுத் தடுமாறிப் படித்து விடலாம். துருக்கியில் நடந்தது அப்படி அல்ல. எழுத்தே வேறாகி விட்டது. அதற்கு நம்மிடையே உள்ள உதாரணம் அரபுத்தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பல நூல்கள் இயற்றினார்கள். இன்று அங்கேயும் அதைச் சரளமாகப் படிப்பவர்கள் குறைவு.

எழுத்து மாறியபோது அதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன ஆனார்கள்? ஹமீத் ஐதாச் (1891–1982) என்ற பெரிய கலைஞரைச் சொல்லலாம். பள்ளிவாசல்களுக்கு எழுதும் கை, விசிட்டிங் கார்டும் லேபிளும் அச்சடித்துப் பிழைத்தது. ஆனாலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தேடி வந்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். பாக்தாதிலிருந்து வந்த ஹாஷிம் முகம்மது (1917–1973) போன்றோர் அவரிடம் அனுமதி பெற்றுச் சென்றனர். 1986-இல் இஸ்தான்புல்லில் முதல் சர்வதேச அலங்கார எழுத்துப் போட்டி நடந்தபோது அது அவர் பெயரால்தான் நடந்தது. 2021-இல் யுனெஸ்கோ துருக்கியின் இந்தக் கலையை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படிக்க ஆள் குறைந்தாலும், கற்றுக் கொடுக்கச் சிலர் விடாப்பிடியாக நின்றதால் பிழைத்த கலை இது.

கையா, ஸ்டிக்கரா?

இப்போது அலமாரியில் உள்ள தட்டுக்கு வருவோம். 1935-இல் அதே பெய்கோஸ் பகுதியில், பாஷாபாஹ்செ என்ற இடத்தில் புதிய கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அந்த ஆலை 2002-இல் மூடப்பட்டு விட்டது. ஆனால் பாஷாபாஹ்செ என்ற பெயர் நிலைத்தது. கை வேலைக் கண்ணாடி இன்று மேற்குத் துருக்கியில் டெனிஸ்லி என்ற ஊரில் நடக்கிறது. பழைய உதுமானியக் கலைப் பொருள்களை மாதிரியாக வைத்து, எண்ணிட்டுச் சில பிரதிகள் மட்டும் செய்து பாஷாபாஹ்செ கடைகளில் விற்கிறார்கள். பள்ளிவாசல் எழுத்தைத் தழுவிய வேலைப்பாடுகளும் அவற்றில் உண்டு.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு மூன்றும் சுமார் 1,400 டிகிரிச் சூட்டில் உருகும். தொழிலாளி குழலின் நுனியில் ஒரு கட்டியை எடுத்து, ஊதி, உருட்டி, வடிவம் கொடுப்பார். பிறகு பல மணி நேரம் மெதுவாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் தானே வெடிக்கும். ஆறிய பிறகு தங்கக் குழம்பால் எழுதி, மறுபடி 500 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ஊதுகிறவர், எழுதுகிறவர், சுடுகிறவர் என்று பல கை மாறி வரும் பொருள் அது.

சந்தையில் போலியும் உண்டு. இயந்திரத்தில் வார்த்த தட்டில் அச்சடித்த தாளை ஒட்டிச் சுட்டு விடுவார்கள். கண்டுபிடிப்பது எப்படி? கை வேலையானால் அடியில் குழலை முறித்த வடு இருக்கலாம், அல்லது அதைத் தேய்த்த அடையாளம் இருக்கும். ஓரம் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இராது. எழுத்தின் மேல் விரலை வைத்தால் கோடு தடித்தும் மெலிந்தும் தட்டுப்படும். ஒட்டிய தாளில் நுண்ணிய புள்ளிகளால் நிறம் அமைந்திருப்பது பூதக்கண்ணாடியில் தெரியும். அச்சு வேலை மட்டம் என்று சொல்லவில்லை. அதற்குக் கை வேலையின் விலையைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

2023-இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் கேட்டு, கையால் கண்ணாடி செய்யும் கலையையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம் வேண்டியிருக்கிறது என்றாலே ஆள் குறைந்து விட்டது என்று அர்த்தம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இந்தப் பொருள்களில் பொதுவாக இருப்பவை சில. "பிஸ்மில்லா" என்ற தொடக்க வசனம் இருக்கும். "துக்ரா" எனப்படும் சுல்தானின் கையெழுத்து இருக்கும். மூன்று நிமிர்ந்த கோடும் இடப்பக்கம் இரண்டு பெரிய வளையமும் அதன் அடையாளம். சிலவற்றில் கொக்கி போல் வளைந்த "வாவ்" என்ற ஒரே எழுத்து இருக்கும். இறை வசனமானால் உயரத்தில், சுத்தமான இடத்தில் வைப்பதுதான் மரியாதை. சுல்தானின் கையெழுத்தானால் அது சரித்திரம். இந்த வித்தியாசம் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால்தான் தெரியும். அதற்கு நாம் அலைய வேண்டாம். மணக்காடு பெரிய பள்ளிவாசல் பக்கம்தான் இருக்கிறது. அரபு படித்த ஒரு பெரியவரிடம் காட்டினால் மகிழ்ச்சியோடு படித்துச் சொல்வார்.

ஆனால் நம் எழுத்தை நம் பிள்ளைகளுக்கு யார் படித்துச் சொல்வது? தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு தமிழ்தான். சண்டையும் சமாதானமும் தமிழில்தான். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், ஆங்கிலம் படிக்கிறார்கள், ஹிந்தி படிக்கிறார்கள். மூன்றும் வேண்டியவையே. ஆனால் பூஜை அறையில் தமிழில் எழுதி மாட்டிய கண்ணாடிப் படத்தைப் பேரன் பார்க்கிறான், படிக்கவில்லை. அப்பா இந்தப் பத்திரிகையைப் படிக்க, பிள்ளை படத்தை மட்டும் பார்த்து விட்டு மடித்து வைக்கிற வீடுகள் எத்தனை!

துருக்கியில் எழுத்தை மாற்ற ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இங்கே யாரும் சட்டம் போடவில்லை, தடை செய்யவில்லை. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளியே இருக்கிறது. வீட்டில் தினம் கால் மணி நேரம் உட்கார வைத்தால் சில மாதங்களில் ஒரு குழந்தை தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படித்து விடும்.

அலமாரியில் உள்ள துருக்கித் தட்டைத் துடைக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளை கேட்டால் விசாரித்துச் சொல்லுங்கள். அதே பிள்ளையிடம் பூஜை அறைப் படத்தைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, படி பார்ப்போம்" என்று நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்.